துப்பாக்கியைப் பற்றி எழுதினீர்கள், சிலிங்கை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராணுவத்துக்கு வந்திருக்கும் புதிய துப்பாக்கிகள் பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஏகே 203, சிக் 716 என்று எடை, தோட்டா அளவு எல்லாம் விவரமாக இருக்கிறது, ஆனால் அதைத் தோளில் மாட்டும் வாரைப் பற்றி ஒரு வரி இல்லை. நாங்கள் அதை சிலிங் என்போம். சுடுவது எப்போதோ ஒரு நிமிஷம், சுமப்பது நாள் முழுக்க. நாலு கிலோ சாமானோடு மேடு ஏறியவனுக்குத்தான் அது தெரியும்.

1986ல் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் எனக்குக் கொடுத்தது அப்போதைய ராணுவத் துப்பாக்கியான எஸ்எல்ஆர். அதன் சிலிங் வெப் என்கிற கெட்டியான பருத்தி நாடா, ஒன்றேகால் அங்குல அகலம், இரண்டு முனையிலும் பித்தளை. காய்ந்திருக்கும்வரை அதற்கு ஈடு கிடையாது, தோளில் கடித்துப் பிடித்து நிற்கும். ஜூலை மழையில் கேத்தி பக்கம் நடக்கவிட்டார்கள், அன்றைக்கு அதன் குணம் தெரிந்தது. பருத்தி நனைந்தால் நூல் உப்பி நீளம் சுருங்கும், இழுத்துவிட்ட வார் இன்னும் இறுகும். தளர்த்தலாம் என்று விறைத்த விரலால் பித்தளையை நெம்புகிறேன், நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். நாங்கள் தங்கும் பேரக்கில் ஆணியில் மாட்டினால் மூன்று நாளுக்கும் ஈரம் போகாது, அப்புறம் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை.

தோல் இந்த ஊருக்கு அதைவிட ஆகாது. அமெரிக்கர்களின் 1907 மாதிரி தோல் சிலிங் படுத்துச் சுடுகிறவனுக்கு அருமையானது, மேல்கையில் வளையமாகப் போட்டு இறுக்கினால் துப்பாக்கி ஆடாது, போட்டிக்குச் சுடுகிறவர்கள் சிலர் இன்றும் அதை விடவில்லை. ஆனால் நனைந்தால் நீளும், கவனிக்காமல் காயவிட்டால் வெடிக்கும், பித்தளை படுகிற இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். தோலுக்குப் பூசும் டப்பின் மெழுகைத் தடவிக்கொண்டே உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது?

எஸ்எல்ஆருக்குப் பதிலாக இன்சாஸ் துப்பாக்கி கைக்கு வந்தபோது நைலானும் வந்தது. உதறினால் தண்ணீர் போய்விடும், மக்காது, அந்த நிம்மதியே பெரிது. அதற்கும் குறை உண்டு. மழைக்கோட்டின் மேல் நைலான் நிற்காமல் வழுக்கும், கட்டைவிரலைக் கொடுத்துப் பிடித்தபடியே நடந்தால் சாயங்காலம் கை மரத்துப்போகும். நெருக்கி நெய்த மலிவு நைலானின் ஓரம் ரம்பம் மாதிரி கழுத்தை அறுக்கும். குளிர் காய்கிற நெருப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டு ஒருவனுடைய சிலிங் சுருண்டு உருகியதைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கொக்கியில் தொங்கும் சிலிங் வண்டிக்குள்ளும் வீட்டுக்குள்ளும் சரி, தேயிலைச் சரிவில் இறங்கும்போது குழல் முழங்காலுக்கு நடுவே வந்து இடிக்கும். மூன்று முனை சிலிங் முதுகுப்பை வாரோடு பின்னிக்கொள்ளும், அவசரத்தில் தோள் மாற்ற முடியாது. என் அனுபவத்தில் மலைக்கு இரண்டு முனைதான்: தோளில் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத அகலம், ஓரம் மழுங்கிய மெத்தென்ற நைலான், ஒரு இழுப்பில் இறுகி ஒரு இழுப்பில் தளரும் பிடி. கையுறையோடு அந்தப் பிடியை இழுக்க வர வேண்டும். சிலிங்கை மாட்டும் வளையமான ஸ்விவல் சத்தம் போடாமல் இருக்க சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றினால் போதும், தோளில் படும் பக்கத்தில் அதே ரப்பரை வைத்துத் தைத்தால் வழுக்கலும் நின்றுவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் கோத்தகிரி சாலையில் ஒரு டீக்கடையில் சீருடையில் இருந்த ஒரு தம்பியைப் பார்த்தேன், ராத்திரி ரோந்து முடித்து வந்தவர். துப்பாக்கியில் கொடுத்த வார் தையல் விட்டுப்போய், பதிலுக்குப் பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தார். சட்டையை விலக்கிக் காட்டினார், தோள்பட்டை எலும்பின் மேல் சிவப்பாகக் கோடு. யானை நடமாடும் வழியில் இருட்டில் நடக்கிறவருக்கு இரண்டு கையும் ஓய்வாக இருக்க வேண்டாமா? இத்தனை விலை கொடுத்துத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் சிலிங்கை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தோளில் மாட்டி, ஒரு மேடு ஏறிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

அடுத்த முறை துப்பாக்கி பற்றி எழுதும்போது வாரின் அகலம் எவ்வளவு, எந்த நூல், நனைந்தால் எத்தனை நேரத்தில் காய்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார், குன்னூர்