போலஸ் சலைனும் 3,141 குழந்தைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆப்பிரிக்காவில் மருத்துவ ஆய்வு என்றதும் ஏழைக் குழந்தைகளைச் சோதனை எலிகளாக்குகிறார்கள் என்ற எண்ணமே பலருக்கு முதலில் எழுகிறது. அதற்கு அடிப்படை இருக்கிறது. 1996-ல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் நடத்திய ட்ரோவான் என்ற ஆன்டிபயாடிக் மருந்தின் சோதனையில் பெற்றோரின் சம்மதம் முறையாகப் பெறப்பட்டதா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஆனால் ஆய்வு செய்யாமலே ஒரு சிகிச்சையைப் பல்லாண்டு தொடர்வதும் உயிரைப் பறிக்கும். இதை நிரூபித்தது உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளின் ஆறு மருத்துவமனைகளில் 2009 முதல் 2011 வரை, குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றுவது பற்றி நடந்த 'ஃபீஸ்ட்' (FEAST) ஆய்வு.

கடுமையான காய்ச்சலோடு கைகால் சில்லிட்டு, நாடி தளர்ந்து, அதாவது ரத்த ஓட்டம் குன்றிய 'ஷாக்' நிலையில் வரும் குழந்தைக்கு நரம்பு வழியே திரவத்தை வேகமாக ஏற்ற வேண்டும் என்பது மேலை நாட்டுப் பாடம். அங்கே கிலோவுக்கு 60 மி.லி. வரைகூட ஏற்றுவார்கள், நுரையீரலில் நீர் கோத்தால் வென்டிலேட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஃபீஸ்ட் நடந்த வார்டுகளில் அந்த வசதி கிடையாது. வந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மலேரியா, பலருக்குக் கடும் ரத்தசோகை.

குலுக்கல் முறையில் குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். இரு பிரிவுகளுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 20 முதல் 40 மி.லி. வரை சலைன் (உப்புநீர்) அல்லது ஆல்புமின் (ரத்தப் புரதக் கரைசல்) போலஸ், அதாவது குறுகிய நேரத்தில் வேகமாக ஏற்றும் திரவம். பத்து கிலோ குழந்தைக்கு இது 200 முதல் 400 மி.லி. மூன்றாம் பிரிவுக்கு மணிக்குக் கிலோவுக்கு 2.5 முதல் 4 மி.லி. வரையிலான பராமரிப்புத் திரவம் (உடலின் வழக்கமான தேவைக்கு மெதுவாக ஏற்றுவது) மட்டும். ஆன்டிபயாடிக், மலேரியா மருந்து, ஆக்சிஜன், குளுக்கோஸ், ஹீமோகுளோபின் 5-க்குக் கீழே போனால் ரத்தம் ஆகியவை எல்லாப் பிரிவுக்கும் ஒன்றுபோலவே கிடைத்தன. ஒரு பிரிவைச் சிகிச்சையின்றிக் கைவிட்டார்கள் என்ற பேச்சில் உண்மையில்லை.

48 மணி நேரத்தில் போலஸ் பெற்ற இரு பிரிவுகளிலும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்தனர் (ஆல்புமினில் 10.6, சலைனில் 10.5), பெறாத பிரிவில் 7.3. திட்டமிட்ட 3,600 பேரைச் சேர்க்கும் முன்பே, 3,141-ல், சுயேச்சையான கண்காணிப்புக் குழுவின் பரிந்துரையால் ஆய்வு நிறுத்தப்பட்டது.

இதில் மருத்துவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. முதல் மணி நேர முடிவில் போலஸ் பெற்ற குழந்தைகளே தேறியதுபோல் தெரிந்தார்கள். ஷாக் குறிகள் அவர்களில்தான் அதிகம் பேருக்கு மறைந்தன. மரணங்கள் பின்னால் வந்தன, அவற்றில் மிகப்பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள். படுக்கை அருகே நிற்பவர் கண்ணுக்கு இந்தத் தீங்கு தென்படாது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாதிருந்தால் 'திரவம் ஏற்றினோம், தேறினான், நோய் முற்றியதால் போய்விட்டான்' என்றே குறிப்பேட்டில் எழுதியிருப்பார்கள். கூடுதல் மரணங்களில் பெரும்பங்கு நுரையீரலில் நீர் கோத்ததால் அல்ல, இதயமும் ரத்த ஓட்டமும் நிலைகுலைந்ததால் என்பது பின்னர் நடந்த பகுப்பாய்வில் தெரிந்தது.

சம்மதம் பெற்ற முறையையும் சொல்ல வேண்டும். உயிருக்குப் போராடும் பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் தாயிடம் பல பக்கப் படிவத்தை நீட்டுவதில் அர்த்தமில்லை. நெறிமுறைக் குழுக்களின் ஒப்புதலோடு முதலில் சுருக்கமாக வாய்மொழி இசைவும், குழந்தை நிலைப்பட்டபின் முழு விளக்கத்துடன் எழுத்துச் சம்மதமும் பெறப்பட்டன. இதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் கானோவையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

ஆய்வு எதைச் சொல்லவில்லை என்பதும் முக்கியம். வயிற்றுப்போக்கால் நீரிழந்தவர்களும் கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ளவர்களும் தீக்காயம் பட்டவர்களும் இதில் சேர்க்கப்படவில்லை. 'சலைன் ஆபத்து' என்று தலைப்பிட்டால் வாந்திபேதிக் குழந்தைக்கு வேண்டிய திரவத்தையும் யாராவது மறுத்துவிடுவார்கள். டெங்குவுக்கும் தனி அளவுகள் உண்டு.

2016-ல் உலக சுகாதார நிறுவனம் விதியைத் திருத்தியது. கைகால் சில்லிடல், நகத்தை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேலாதல், பலமிழந்து வேகமாக ஓடும் நாடி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி., அதுவும் 30 முதல் 60 நிமிடத்தில். ஒன்றிரண்டு குறிகள் மட்டும் இருந்தால் வேகத் திரவம் கூடாது. திரவ வேகத்தைக் கட்டுப்படுத்தும் பம்ப் இல்லாத வார்டில் சொட்டுக் குழாயின் திருகைத் திறந்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவதில்தான் அளவு தவறுகிறது. ஒரு மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ டிரிப் செட் இருந்தால் கணக்கு எளிது: மணிக்கு 40 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 40 சொட்டு.

இனி மருந்துச் சோதனைச் செய்திகளை வெளியிடும்போது, யாரெல்லாம் சேர்க்கப்படவில்லை, ஒப்பீட்டுப் பிரிவுக்கு என்ன கொடுத்தார்கள், நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற மூன்றையும் தவறாமல் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர்,
மதுரை