பிள்ளை பள்ளிக்கு வராத நாட்கள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

தொடக்கநிலை ஐந்து பிள்ளைகள் இந்த வாரம் தமிழ் வகுப்பில் முன்னாள் அதிபர் ஹலிமா யாக்கோப்பைப் பற்றி எழுதினார்கள். சிங்கப்பூரின் முதல் பெண் அதிபர், 2017 முதல் 2023 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் என்று எல்லாரும் சரியாக எழுதியிருந்தார்கள். ஆனால் அவர் உயர்நிலை இரண்டில் அடிக்கடி பள்ளிக்கு வராமல், கிட்டத்தட்டப் பள்ளியை விட்டே அனுப்பப்படும் நிலைக்குப் போனவர் என்று நான் சொன்னதும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

காவலாளியாக வேலை செய்த அவருடைய அப்பா, ஓர் இந்திய முஸ்லிம், அவருக்கு எட்டு வயதானபோது இறந்துவிட்டார். அம்மா தள்ளுவண்டியில் நாசி படாங் விற்றார், இவர் பள்ளிக்கு முன்னும் பின்னும் மேசை துடைத்து, தட்டுக் கழுவி, சாப்பாடு பரிமாறி அம்மாவுக்குக் கைகொடுத்தார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் சட்டம் படித்து, 1978ல் என்டியுசி என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பில் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிலாளர்களுக்காக வேலை செய்தார். 2013ல் நாடாளுமன்ற நாயகரான முதல் பெண்ணும் அவர்தான்.

2017 தேர்தல் மலாய் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்டது, அவர் போட்டியின்றி வந்தார், அதைப் பற்றி அப்போது நிறையப் பேர் வருத்தப்பட்டார்கள். பிள்ளைகள் கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். என் மனத்தில் நிற்பது என்னவோ அந்த உயர்நிலை இரண்டு மாணவிதான்.

ஏனென்றால் சில ஆண்டுகளுக்கு முன், தினமும் தாமதமாக வந்த ஒரு பிள்ளைக்கு நானே எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். அம்மா இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வரும்வரை அவள் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. முதலில் அவளிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டது என் தவறு.

அதனால் இனி எங்கள் ஆசிரியர்கள் முதலில் ஏன் என்று கேட்பார்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை, வேலை போய்விட்டது, பிள்ளைதான் சின்னவர்களைப் பார்த்துக்கொள்கிறது என்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அது அவரைத் தாண்டி என்னிடம் மட்டுமே வரும். கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் தகுதி உள்ளவர்களுக்குப் பாடநூல், சீருடை, பள்ளியில் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். படிவம் அலுவலகத்தில் இருக்கிறது, நிரப்பத் தெரியவில்லை என்றால் வாருங்கள், சேர்ந்தே நிரப்பலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்