கை சோரும் முன்னே ஒரு கல்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியது அறிந்து நாங்கள் இருவரும் மிகவும் மகிழ்ந்தோம். உங்கள் சபைக்குப் புதிய போதகரைத் தெரிந்தெடுக்கும் குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்றும், எதைப் பார்த்து முடிவு செய்வது என்று புரியவில்லை என்றும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாய். சில நாட்களாக என் மனத்தையும் இதே காரியம்தான் அலைக்கழித்துக்கொண்டிருக்கிறது.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை நிதானமாக மறுபடியும் வாசித்துப் பார். கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கிறவருக்கு, வேண்டியவை என்று அவர் அடுக்குகிறவற்றில் மேடையில் தெரியக்கூடியது ‘போதகசமர்த்தன்’, அதாவது போதிக்கும் திறமையுள்ளவன், என்கிற ஒன்றுதான். தெளிந்த புத்தி, பொறுமை, பண ஆசை இல்லாமை, அந்நியரை உபசரித்தல், குடும்பத்தை நன்றாக நடத்துதல், சபைக்குப் புறம்பே இருக்கிறவர்களிடமும் நற்சாட்சி பெற்றிருத்தல் ஆகிய மற்றவையெல்லாம் கூடப் பழகியவர்களுக்கே தெரியும். நாமோ ஒரு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு ஆளை எடைபோட்டுவிடுகிறோம். ஆகையால், வருகிறவர் முன்பு ஊழியம் செய்த இடத்தில் ஆலயத்தைப் பெருக்கியவரிடமும், கணக்கு எழுதியவரிடமும், பக்கத்து வீட்டாரிடமும் விசாரியுங்கள். அவருக்கு எந்த நன்மையும் செய்ய முடியாதவர்களிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரியதாகத் தோன்றுவது, தவறு சுட்டிக்காட்டப்படும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதே. எங்கள் ஆண்டுக் கூட்டத்தில், இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் எழுந்து, ஏழைகளுக்கென்று வாங்கிய காணிக்கை கட்டடக் கணக்கில் ஏறியிருக்கிறதே என்று கேட்டாள். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் போதகர் மேடையை விட்டு இறங்கி, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய், “நீ சொல்வது சரி, இதைக் கவனியாமல் கையெழுத்திட்டது நான்தான்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அந்தத் தொகை அடுத்த வாரமே உரிய நிதிக்குத் திரும்பிவிட்டது.

அதற்கு நேர்மாறானதையும் நான் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் இருந்த ஒரு சபையில், கேள்வி கேட்டவர்களின் வாயை அடைக்க 105ஆம் சங்கீதத்தின் வசனம் பயன்பட்டது: அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதிருங்கள். அந்தச் சங்கீதம் பேசுவது, நாடுவிட்டு நாடு அலைந்த முற்பிதாக்களை ராஜாக்களின் கையிலிருந்து தேவன் காத்ததைப் பற்றியே தவிர, கணக்குக் கேட்பதைப் பற்றியல்ல. அபிஷேகம்பண்ணப்பட்ட சவுல் ராஜாவின்மேல் கைபோட மறுத்த அதே தாவீதுதான், பின்பு தானே ராஜாவாக இருக்கையில் தீர்க்கதரிசியாகிய நாத்தான் அவன் பாவத்தைச் சுட்டிக்காட்டி “நீயே அந்த மனுஷன்” என்று சொன்னபோது, அவனைத் துரத்தாமல் தன் பாவத்தை ஒப்புக்கொண்டான். யோவானின் மூன்றாம் நிருபத்தில் வரும் தியோத்திரேப்புவின் அடையாளமும் இதுதான். முதன்மையாயிருக்க விரும்புகிற அவன், தனக்கு இணங்காதவர்களைச் சபைக்குப் புறம்பாக்கினான்.

ஆனால் நண்பா, நல்லவரை அடையாளம் கண்டுகொண்டதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். சென்ற மாதம் திருவிருந்தின்போது, பாத்திரத்தைப் பிடித்திருந்த எங்கள் போதகரின் கை நடுங்கி, வெள்ளை விரிப்பின்மேல் திராட்சரசம் சிந்தியது. மருத்துவர் உடனே ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். பிறகு நாங்கள் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், பதினொரு மாதங்களாக அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்திருக்கவில்லை. எங்கள் சபையின் நிர்வாகக் குழுவில் இருந்துகொண்டு நான் இதைக் கவனிக்கவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் குறுகிப்போகிறது.

யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தை அதன் பிறகு எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன். யுத்தம் நடக்கையில் உயர்த்திப் பிடித்துச் சோர்ந்துபோன மோசேயின் கைகளை ஆரோனும் ஊர் என்பவனும் தாங்கினதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்பு ஒரு கல்லைக் கொண்டுவந்து அவர் உட்கார வைத்தார்கள் என்பதை நான் இப்போதுதான் கவனித்தேன். சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கும் தேவதூதன் அப்பமும் தண்ணீரும் கொடுத்தானே ஒழிய, புத்தி சொல்லவில்லை. அவன் தூங்கி எழுந்தபின் மறுபடியும் சாப்பிடச் சொன்னான்.

சபையை நன்றாக நடத்துகிற மூப்பருக்கு இரட்டிப்பான கனம் என்று அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் சொல்வதும் வெறும் மரியாதையை மட்டுமல்ல. அடுத்த வசனத்திலேயே, களத்தில் கதிரை மிதிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்பதையும் வேலையாளின் கூலியையும் கொண்டுவருகிறார். மூப்பருக்கு விரோதமான பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக்கூடாது என்பதையும், பாவம் செய்தவரை எல்லோருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும் என்பதையும் அங்கேயே சேர்த்து எழுதியிருக்கிறார். சம்பளம் கொடுப்பதும், வதந்தியிலிருந்து காப்பதும், கணக்குக் கேட்பதும் அவருக்கு ஒரே பொறுப்பின் பகுதிகளாகத் தெரிந்திருக்கின்றன.

இப்போது வாரத்தில் ஒரு நாள் போதகரை யாரும் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்து, அந்த நாளின் அழைப்புகளை நாங்கள் நான்கு பேர் முறைவைத்து ஏற்றுக்கொண்டிருக்கிறோம். நோயாளிகளைச் சந்திப்பதையும் பிரித்துக்கொண்டோம். அவருடைய சம்பளத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேச இருக்கிறேன்; எதிர்ப்பு வரும் என்று தெரியும், எனக்காக ஜெபித்துக்கொள். வருகிறவரிடம் நீங்கள் என்னென்ன கேட்கப் போகிறீர்கள் என்று எழுதும்போது, அவருக்கு நீங்கள் என்னென்ன செய்யத் தீர்மானித்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுது. வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய நண்பன்