செந்தில் கையில் கொடுத்தனுப்புகிறேன்

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா, வசந்தி, சின்னவன் நலமும் அறிய ஆவல். கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, கோபிக்க வேண்டாம். போனில் நீங்கள் "சரிப்பா, உடம்பப் பாத்துக்க" என்று அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தில்தான் நாலு வார்த்தை கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் உங்கள் எழுத்து ஏன் இப்படிப் பெருத்துவிட்டது? பக்கத்துக்கு ஏழே வரி, அதுவும் மேலே ஏறிக்கொண்டு போகிறது. பேப்பர் படிப்பதையே விட்டுவிட்டீர்களாமே, வசந்தி சொன்னாள்.

அதனால் ஒரு கிண்டில் அனுப்புகிறேன், திரையில் புத்தகம் படிக்கிற சின்ன மெஷின். புதுசில்லை, ஊருக்குத் திரும்பிய எங்கள் சூப்பர்வைசர் மலிவாகத் தந்தது. எழுத்தை நன்றாகப் பெரிசாக்கிப் படிக்கலாம், போன் மாதிரி கண் கூசாது.

உறை நான் தைத்தது. ஓவர்டைம் இப்போது கொஞ்சம் குறைவு, சாயங்காலம் சும்மாதானே இருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். (அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.) ஜாலான் சுல்தான் பக்கம் ஒரு கடையில் துண்டுத் தோல் பொறுக்கினேன். ஓரத்தை வெட்டிப் பார்த்தேன், குரோம் தோல் மாதிரி நடுவில் நீலம் ஓடவில்லை. மரப்பட்டையில் பதப்படுத்தியதுதான் என்று தெரிந்த பிறகே காசை எடுத்தேன்.

முதல் உறை வீண். கிண்டில் 167 மில்லிமீட்டர் உயரம், 116 அகலம். அந்த அளவையே இரண்டு பங்காக வைத்து வெட்டிவிட்டேன். அதன் கனம் 8 மில்லிமீட்டர், மடிப்புக்கும் தோல் வேண்டும் என்பது மூடப் போனபோதுதான் புத்தியில் ஏறியது. இரண்டாவதில் முதுகுக்கு 14 விட்டேன். மூடியினுள் சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன், மூடினால் திரை தானாக அணையும். அதற்குச் சரியான இடம் எது என்று காந்தத்தை ஓரமாக நகர்த்தி நகர்த்தியே ஒரு மணி நேரம் போனது.

துளை போடச் சுத்தியலை எடுத்தேன். மூன்றாவது தட்டுக்கே கீழ் வீட்டுச் சீனத் தாத்தா வாசலில் நிற்கிறார், அரைக்கால் சட்டையும் வெற்று மார்புமாக. எங்கள் கருவாட்டு வாடைக்கு லிஃப்டில் மூக்கைச் சுளிக்கிறவர். சண்டைதான் என்று நினைத்தேன். தோலை வாங்கி முகர்ந்தார், மடக்கினார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் இறைச்சி வெட்டுகிற கனமான கட்டை. அடியில் துண்டை மடித்துப் போட்டுத் தட்டிக் காட்டினார், சத்தம் பாதியாகிவிட்டது. "பெலான், பெலான்" என்றார். மெதுவாக என்று மலாயில். ஒரு காலத்தில் செருப்புத் தைத்தவராம். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக நுழைத்து இழுக்க அவர்தான் பழக்கினார். ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளுமாம்.

கடைசியில் ஓரத்தை ஈரத்துணியால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க ஒரு வாடை எழும்பியது. பேகம்பூர் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வந்து இறங்கும்போது உங்கள் சட்டையில் இருக்குமே, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறின வாடை. ஆறாவது படிக்கையில் பசங்க மூக்கைப் பொத்துகிறார்கள் என்று உங்களைப் பள்ளிக்கூட வாசலுக்கு வர வேண்டாம் என்றேன். மறுநாளிலிருந்து தண்ணித்தொட்டிப் பக்கம் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றீர்கள். ஏன் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அறையில் மற்ற மூன்று பேரும் தூங்கிய பிறகு உறையை முகத்தோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, அதை விடுங்கள். மழைக்காலத்தில் இதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். உங்களுக்குப் போய் நான் சொல்கிறேன் பாருங்கள்.

வசந்தியோடு மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டுங்கள், தள்ளிப் போட வேண்டாம். இந்த மாதம் பணம் இரண்டு தவணையாக வரும், பேங்கில் ஏதோ மாற்றம், வேறொன்றுமில்லை. சீட்டுக்காரம்மாவை 20-ஆம் தேதி வரை பொறுக்கச் சொல்லுங்கள். பின்சுவருக்குப் பெரியப்பா சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள், போன தடவை மாதிரி வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். சின்னவனுக்கு பைக் இப்போது முடியாது. நான் சொன்னால் போனை எடுக்க மாட்டான், நீங்களே சொல்லிவிடுங்கள்.

செந்தில் புதன்கிழமை திருச்சியில் இறங்குகிறான். உறையின் கீழ் மூலையில் இரண்டு தையல் கோணியிருக்கிறது. விரல் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவீர்கள். திட்டி எழுதுங்கள்.

உங்கள் மகன்
குமார்