சனிக்கிழமை வென்டிலேட்டர் வகுப்பு: அளவு நாடா கொண்டு வாருங்கள்

ஐசியு பணியில் உள்ள முதுநிலை மாணவர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு, வார்டை அடுத்த கருத்தரங்க அறையில் வகுப்பு. இரவுப் பணி முடித்தவர்கள் தூங்கப் போங்கள். உங்களுக்காகத் திங்கட்கிழமை மறுபடியும் எடுக்கிறேன்.

அளவு நாடா எதற்கு? நேற்று ரவுண்ட்ஸில், வென்டிலேட்டரில் இருந்த நால்வரில் இருவருக்கு உயரம் எழுதப்படவில்லை. அது என்னை மிகவும் வருத்தியது. உடல் பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை; அதன் அளவு உயரத்தையும் பாலினத்தையும் பொறுத்தது. 150 செ.மீ. உயரம், 80 கிலோ எடையுள்ள பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தைக் கொண்டு கணக்கிட்டால் அவருக்குரிய எடை 43 கிலோதான். கிலோவுக்கு 6 மி.லி. காற்று வீதம், வென்டிலேட்டர் ஒரு மூச்சுக்குத் தர வேண்டியது சுமார் 260 மி.லி. தராசு எடையைப் போட்டால் 480 மி.லி.! ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் நுரையீரல் அதை எப்படித் தாங்கும்?

2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கிலோவுக்கு 12 மி.லி. பெற்ற ஏ.ஆர்.டி.எஸ். (நுரையீரல் திடீரென வீங்கி மூச்சு கடுமையாகத் திணறும் நிலை) நோயாளிகளில் 39.8 சதவீதத்தினர் இறந்தனர், 6 மி.லி. பெற்றவர்களில் 31 சதவீதத்தினர். ஒரே ஓர் அளவை மாற்றியதில் அத்தனை உயிர்கள். இன்றும் படிக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

பிளாட்டோ அழுத்தம், அதாவது மூச்சை உள்ளே செலுத்தி ஒரு கணம் நிறுத்தும்போது நுரையீரலில் இருக்கும் அழுத்தம், பார்ப்பதைப் படுக்கையருகிலேயே செய்து காட்டுகிறேன். கால் மடங்கிக் கிடப்பவருக்கு முன்கை எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிப்பதையும் பழகுவோம்.

இன்றிரவு பணியில் இருப்பவர்கள் விடுபட்ட இருவரையும் அளந்து, கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, இங்கே ஒரு வரி தெரிவியுங்கள்.