அக்கா, பின்பக்கம் உங்கள் பெயரைத் தையுங்கள்

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். இதை நேரில் சொன்னால் "காபி ஆறுகிறது, முதலில் குடி" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். தொலைபேசியிலும் அதே கதைதான். ஊரறிய எழுதிவிட்டால் தப்பிக்க வழியில்லை. உங்கள் பேத்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கைபேசியை நீட்டிப் படிக்க வைப்பாள். உங்கள் பெயரை மட்டும் நான் இதில் எங்கும் எழுதப்போவதில்லை. அதை உங்கள் போர்வையின் பின்பக்கத்தில் முதலில் எழுத வேண்டியது உங்கள் ஊசி.

விஷயம் அந்தக் கண்காட்சிதான். புதுச்சேரியில் நம் தையல் குழு சிறிதாக ஒன்று நடத்துவதென்று முடிவானதும், எல்லோரும் தங்கள் குயில்ட்டுக்கு (துணித் துண்டுகளை இணைத்து, அடுக்கித் தைக்கும் போர்வை) நீள அகலம், ஆண்டு, துணி விவரம், பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் போர்வையை மஞ்சள் பையில் மடித்து வைத்துக் கொடுத்தனுப்பினீர்கள். பெயர் போடக் கூடாது என்ற கண்டிப்பும் கூடவே வந்தது. 'கடலூர். பழைய கைலி, நூல் புடவை, வேட்டி' என்று ஓர் அட்டை எழுதி மாட்டினோம். பக்கத்திலேயே என்னுடையது. நடுவில் சிவப்புச் சதுரம் வைத்துச் சுற்றிலும் பட்டைகளை அடுக்கிக்கொண்டே போகும் அமெரிக்க 'லாக் கேபின்' வடிவம். கால் அங்குலத் தையல் விளிம்பு எங்கும் பிசகாமல், புதுத் துணியில், முழுப் பெயரோடு. வந்தவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உங்களுடையதற்கு முன்னால் போய் நின்றார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை (கொஞ்சம் உண்டு). "யார் தைத்தது?" என்ற கேள்விக்கு "கடலூரில் ஓர் அம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததே, அதில்தான் கோபம் வந்தது.

அந்தப் போர்வையைப் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் பெரும்பாலும் குறிஞ்சிப்பாடிக் கைலி. கட்டம் போட்ட துணியை வெட்டி இணைக்கும்போது கட்டத்தோடு கட்டம் பொருந்த வேண்டும் என்று நாங்களெல்லாம் உயிரை விடுவோம். நீங்கள் வேண்டுமென்றே அரைக் கட்டம் தள்ளி வைத்திருக்கிறீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அலையடிக்கிறது. கைலியை மூட்டிய இடத்தைப் பிரித்தால், உள்ளே மடிந்திருந்த ஓரம் மட்டும் வெயில் படாமல் பழைய அடர்நிறத்திலேயே இருக்கும். மற்றவர்கள் அந்த ஓரத்தைக் கத்தரித்து எறிவார்கள். நீங்கள் அந்தக் கரும்பச்சைக் கீற்றுகளையெல்லாம் சேர்த்து வைத்து, வெளுத்த துண்டுகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக விட்டிருக்கிறீர்கள். எந்தக் கடையில் போய் அப்படி ஒரு நிறம் வாங்க முடியும்?

நடுவில் பஞ்சு இல்லை. துவைத்துத் துவைத்து மெலிந்த நூல் புடவை இரண்டு மடிப்பு, அடியில் வேட்டி. எங்கள் குழுவில் பஞ்சுப் படலம் வைத்துத் தைத்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தால் பூஞ்சணக் கவலை வந்துவிடுகிறது. மடிப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நூலோட்டத்தை நெருக்கமாக ஓட்டாவிட்டால் இரண்டு சலவையில் பஞ்சு உருண்டு மூலைக்குப் போய்விடுவதும் உண்டு. கடற்கரை ஊருக்குப் புடவை மடிப்புதான் சரி என்பதை நீங்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. வங்காளத்துக் காந்தாவும் இப்படித்தான்: பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூலை உருவி ஓடவிடுவார்கள். நீங்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறீர்கள். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹலியாள் பக்கம் வாழும் சித்தி என்ற சமூகத்துப் பெண்களும் கவந்தி என்னும் தங்கள் போர்வையை அப்படித்தான் தைக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். போர்வையின் நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூவாக வைத்தால்தான் அவர்கள் கணக்கில் வேலை முடிந்ததாகப் பொருள். நீங்கள் ஒரே ஒரு மூலையில் மஞ்சள் துண்டு வைக்கிறீர்கள். ஏன் என்று கேட்டால் "மிச்சம் இருந்தது" என்கிறீர்கள். எல்லாப் போர்வையிலும் அதே மூலையில், அதே மஞ்சளில் எப்படி அக்கா மிச்சமாகும்?

இனி உங்கள் சாக்குகளுக்கு வருகிறேன்.

முதல் சாக்கு: பழந்துணிக்கு எதற்குப் பெயர்? அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. பருத்திப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆற்றைக் கடந்து போனார்கள் என்பதற்காக 1962இல் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். 2006இல்தான் அது திரும்ப வந்தது. அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்காக, கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டித் தைத்தவைதான் அவர்களுடைய குயில்ட்டுகள். மிசூரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்தபின் 1942இல் அவருடைய வேலை உடைகளையே பிரித்து ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த வெளுப்பு அப்படியே தெரியும். 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அந்த ஊர்ப் போர்வைகளைச் சுவரில் மாட்டியது. 2006இல் அவை அமெரிக்கத் தபால் தலைகளாகவும் வந்தன. யார் தைத்தது எது என்ற விவரத்தோடுதான் அவை உலகத்துக்குத் தெரிகின்றன. அந்த வீடுகளில் அம்மா தைத்தது, பாட்டி தைத்தது என்று சொல்ல ஆள் இருந்தார்கள். உங்கள் போர்வைகள் இருப்பது எங்கே? திருப்பாதிரிப்புலியூர் தொடங்கித் தேவனாம்பட்டினம் வரை, பிறந்த குழந்தைக்கென்று நீங்கள் கொடுத்த வீடுகளில். அந்தக் குழந்தைகள் வளர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகும்போது போர்வையும் போகிறது. அங்கே யார் சொல்லப்போகிறார்கள்?

"தையலைப் பார்த்தாலே என் கை என்று தெரியும்" என்று சொன்னீர்கள். தெரியும், எங்களுக்கு.

இரண்டாவது சாக்கு கொஞ்சம் வலுவானது: நாலு பேர் கை பட்டதற்கு நான் மட்டும் எப்படிப் பெயர் போடுவது? உண்மைதான். இந்தப் போர்வையும் நம் குழுவில் கைமாறியது. லாஸ்பேட்டையில் கூடும்போது ஒருவர் நடுக்கட்டம் தைத்துக் கொடுக்க, அடுத்தவர் ஒரு சுற்று, அதற்கடுத்தவர் இன்னொரு சுற்று என்று சேர்ப்போமே, அப்படி. வீராம்பட்டினத்துத் தங்கை உங்கள் நடுக்கட்டத்துக்கு வெளியே நீலக் கரை வைத்தாள். 2004 சுனாமிக்குப் பிறகு துண்டுத் துணியில் சுனாமிகா பொம்மை செய்துதான் அவள் ஊசி பிடித்துப் பழகினாள். அதனால்தான் அவ்வளவு சிறிய துண்டுகளைக்கூட அவளால் மடித்துத் தைக்க முடிகிறது. முதலியார்பேட்டை அம்மா, அப்பா வேலை செய்த மில்லின் துணி என்று பெட்டியில் பூட்டி வைத்திருந்ததிலிருந்து ஒரு பட்டை வெட்டிக் கொடுத்தார். 1898இல் பிறந்து 2020இல் கதவடைத்த அந்த மில்லின் பெயர், துணியின் விளிம்பில் மங்கலாக இன்னும் படிக்கக் கிடைக்கிறது. பாருங்கள், மூடிப்போன மில்லுக்கு உங்கள் போர்வையில் பெயர் இருக்கிறது, உங்களுக்கு இல்லை! நாலு பேர் என்றால் நாலு பேர் பெயரையும் எழுதுவோம். இடமா இல்லை?

பெயர்களாலேயே ஆன குயில்ட் ஒன்றும் உண்டு. எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தைத்தது. ஆளுக்கொரு துண்டு, மூன்றடிக்கு ஆறடி, ஒரு சவக்குழியின் அளவு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள். நோயின் பெயரைச் சொல்லவே வீடுகள் கூசிய காலத்தில், மகன் பெயரையும் நண்பன் பெயரையும் கொட்டை எழுத்தில் தைத்து வெட்டவெளியில் விரித்தார்கள். அதில் தற்பெருமை எங்கே இருக்கிறது?

ஆம், தற்பெருமை என்பதுதான் உங்கள் மூன்றாவது சாக்கு. இதற்குப் பதில் சொல்ல நான் நம் கடற்கரையை விட்டு நகரத் தேவையில்லை. இந்தக் கரையில் படிகாரமும் சாயவேரும் அவுரியும் கொண்டு பருத்தித் துணியில் பூ வரைந்தார்கள். கப்பலேறிப் போன அந்தத் துணிக்கு ஐரோப்பா பித்துப் பிடித்து அலைந்தது. உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பயந்து பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதற்குத் தடையே போட்டது. இங்கிலாந்தும் சட்டம் கொண்டுவந்தது. அப்புறம் அங்கிருந்த பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நம் துணியில் இருந்த பூவையும் பறவையையும் தனித்தனியாகக் கத்தரித்து, வெள்ளைத் துணியில் ஒட்டுப் போட்டுக் குயில்ட் தைத்தார்கள். அந்த வேலைக்குப் பிரெஞ்சில் ஒட்டிய பெயர் 'பாரசீகப் பூவேலை'. வரைந்தது சோழமண்டலக் கரை, பெயர் வாங்கியது பாரசீகம்! புதுச்சேரியின் அவுரி நீலத் துணி செனகலில் பிசின் வாங்கப் பணம்போலக் கைமாறியிருக்கிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்தக் கரையின் துணிகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஊர் தெரிகிறது, நூற்றாண்டு தெரிகிறது, சாயம் எதுவென்றுகூடத் தெரிகிறது. வரைகோல் பிடித்தவரின் பெயர் இல்லை. அவர்கள் அடக்கத்தால் எழுதாமல் விட்டார்கள் என்று நான் நம்பவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்களை நான் கேட்கிறேன் அல்லவா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போர்வை என்றால் போர்த்திக்கொள்ளத்தான், சுவரில் ஆணியடித்து மாட்ட அல்ல என்று நீங்கள் சொன்னது எனக்கும் பிடிக்கும். கடையில் முழுத் துணியை வாங்கி வந்து, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒன்றாகச் சேர்க்கிறோம் என்று நீங்கள் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அன்று பாதிக் குழு முகம் சுருங்கிப் போனது. இப்போது பலர் திருப்பாதிரிப்புலியூர்த் தையல் கடைகளில் வெட்டுத்துணி கேட்டு வாங்குகிறார்கள். கைக்குழந்தைப் போர்வையில் பொத்தானும் மணியும் வைக்கக் கூடாது, முடிச்சை இரண்டு மடிப்புக்கு நடுவே இழுத்துப் புதைக்க வேண்டும் என்பதெல்லாம் இன்று குழுவின் சட்டம். சட்டம் போட்டது யார் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

2019இல் சென்னையில் இந்தியா குயில்ட் திருவிழா நடந்தபோது நான் முன்பக்கத்தைவிடப் பின்பக்கங்களைப் பார்க்கத்தான் அலைந்தேன். கையுறை போட்ட தன்னார்வலரைக் கெஞ்சித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தது அந்தச் சின்னத் துண்டுகளைத்தான். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யாருக்காக. சிலர் எப்படித் துவைக்க வேண்டும் என்றுகூட எழுதியிருந்தார்கள். உங்களுக்கு அது பிடிக்கும். கைலித் துணியை வெந்நீரில் போட்டவர்களைப் பற்றி நீங்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

செய்முறை சுலபம். உள்ளங்கை அளவு காடாத் துணியைத் துவைத்து உலர்த்தி, சுற்றிலும் மடித்து இஸ்திரி போட்டு, எழுத்தைப் பின்தையலில் தையுங்கள். மை பேனா வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கும் சோப்புக்கும் எது எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. தைத்து முடித்த போர்வை என்றால் மஞ்சள் முக்கோணம் இருக்கும் மூலைக்கு நேர் பின்னால் வையுங்கள். இனித் தைப்பதற்கு, மடிப்புகளைச் சேர்க்கும் முன்பே அடித்துணியில் வைத்துவிட்டு, அதன் மேலேயே நூலோட்டத்தையும் ஓட்டிவிடுங்கள். பிறகு யாரும் அதைப் பிரித்தெடுக்க நினைத்தால் போர்வையையே பிரிக்க வேண்டியிருக்கும்.

காடாத் துணியை நறுக்கி உங்கள் பேத்தியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்; நாலு பேருக்கும் இடம் விட்டு பென்சிலில் கோடு போட்டிருக்கிறது. வீராம்பட்டினத்துத் தங்கை தன் வரியை ஏற்கெனவே தைத்துவிட்டாள், நீல நூலில். முதல் வரி உங்களுடையது. முன்னெழுத்து உங்கள் அப்பாவுடையதா, மாமாவுடையதா என்று யோசித்துக்கொண்டு அதையே அடுத்த சாக்காக்கிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், பெயர் மட்டும் போதும். சனிக்கிழமை லாஸ்பேட்டைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். அந்தக் கரும்பச்சைக் கீற்றில் மிச்சம் இருந்தால் அதையும். எனக்குக் கொஞ்சம் வேண்டும்.