கட்டிலை நகர்த்தலாம், தங்கச்சி

அன்புத் தங்கைக்கு,

போன ஞாயிறு சிங்கப்பூரில் உன் பொங்கோல் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து உன் முகமே கண்ணில் நிற்கிறது. புது வீடு, 14ஆவது மாடி, நல்ல காற்று. அப்படியும் மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்கிறாய். வீட்டையும் சாமான்களையும் எப்படி அமைப்பது என்று சொல்லும் சீன முறையான ஃபெங் ஷுயி பார்க்கலாமா என்று கேட்டாயே, பார்க்கலாம். ஆனால் அதிர்ஷ்டத்துக்கென்று விற்கும் காசு கவ்விய தவளையையும் மணியையும் வாங்கி அடுக்காதே.

ஃபெங் என்றால் காற்று, ஷுயி என்றால் தண்ணீர். முன்னோரைப் புதைக்க நல்ல இடம் தேடியவர்களின் பழைய சீன நூல் ஒன்று, உயிராற்றலான 'ச்சி' காற்றில் சிதறும், தண்ணீரைக் கண்டால் தங்கும் என்கிறது. அதனால்தான் பின்னால் மலை, முன்னால் நீர் என்று இடம் பார்த்தார்கள். சீனாவில் குளிர்கால வாடை வடக்கிலிருந்து வீசும். மலை அதைத் தடுக்கும், தெற்கு வெயில் வாசலில் விழும். சிங்கப்பூரோ பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர். இங்கே நமக்கு வாடை பயமில்லை, மேற்கு வெயில்தான் தொல்லை. ஆகவே திசைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. முதுகுக்குப் பின்னால் உறுதியாக ஒன்று வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொள்.

உன் கட்டிலைப் பார். தலைமாடு ஜன்னலடியில், கால்மாடு கதவுக்கு நேரே. பிணத்தை எடுத்துப்போகும் கிடப்பு என்று சீனர்கள் இதைத் தவிர்ப்பார்கள். தலைக்கு மேலே உத்திரம் வேறு. கட்டிலை இடப்பக்கச் சுவரோடு போட்டால் தலைமாட்டுக்குச் சுவர் கிடைக்கும், படுத்தபடியே கதவும் தெரியும், ஆனால் அதற்கு நேராக இருக்காது. உத்திரமும் விலகிவிடும். அது தெற்குச் சுவர் என்பதால், வடக்கே தலை வைக்காதே என்று அம்மாவும் போன் போடமாட்டார்.

அலமாரிக் கண்ணாடிக்கு ஒரு திரை போடு. அரைத்தூக்கத்தில் எதிரே ஓர் உருவம் அசைந்தால் யாருக்குமே திடுக்கிடும். வேலை மேசையையும் திருப்ப வேண்டும். நாள் முழுக்கக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாய். நான் அறைக்குள் வந்தபோது எப்படித் தூக்கிவாரிப்போட்டது உனக்கு! நானும் பழைய வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மேசையைத் திருப்பிய பிறகுதான் என் தோள் எவ்வளவு இறுகிக் கிடந்தது என்றே தெரிந்தது.

அப்புறம் வாசல். ச்சி நுழையும் வாய் அதுதான். உன் கதவோ பாதிதான் திறக்கிறது, பின்னால் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். வேலை முடிந்து வருகிறவள் தன் வீட்டுக்குள்ளேயே உடம்பை ஒடுக்கி நுழையலாமா? முதலில் அவற்றை எடு.

எதிர்வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் எட்டுமூலைக் கண்ணாடியைப் பார்த்து நீ கலங்க வேண்டாம். கெட்ட ச்சியைத் திருப்பிவிடும் என்று மாட்டுவது அது. அவர்கள் வாசலுக்கு நேரே லிஃப்ட் இருக்கிறது, அதற்காக மாட்டியது. உன் மேல் அவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒருநாள் ஆரஞ்சுப் பழம் கொண்டுபோய்க் கொடுத்துப் பேசிவிட்டு வா.

சனிக்கிழமை காலை வருகிறேன், அத்தானும் வருகிறார். அந்தக் கட்டிலை நாம் இரண்டு பேர் மட்டும் அசைக்க முடியாது. அதற்குள் பெட்டிகளைப் பிரித்து வை.

அன்புடன்,
அக்கா